பார்த்திபன் ஜிம்மின் வாசற்படி

படவேடு ரோட்டில் இருக்கும் பார்த்திபனின் ஜிம்முக்குள் நுழைகிற எவருக்கும், நுழைந்த மாத்திரத்தில் நூறு கிராம் குறைந்தது. நாக்குத் தள்ள ஓடினாலும் நூறு கிராம்தான், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போனைத் தடவினாலும் நூறு கிராம்தான். மழைக்கு ஒதுங்கிய தபால்காரருக்கும் குறைந்தது, பாவம், அவருக்கு அதெல்லாம் வேண்டியே இருக்கவில்லை. காரணம் வாசற்படி என்பது பிற்பாடு தெரிந்ததுதான். அப்போது ஊர் இதை மலைக்காற்று என்று சொல்லிக்கொண்டது.

பார்த்திபன் அதைத் தன் கைராசி என்று நினைத்தான். பெங்களூரில் ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். அங்கே டை கட்டிய ஒருவர் திரையில் ஒரு கோடு மேலே ஏறுவதைக் காட்டி, இந்தத் தொழில் இனி ஏறுமுகம்தான், பயிற்சியாளர், யோகா ஆசிரியர், உணவு ஆலோசகர் என்று வேலைகள் வரிசைகட்டி நிற்கும் என்றார். ஊருக்கு வந்தவனுக்குக் கோடு நிஜமாகவே ஏறியது. முதல் மாதம் பதினோரு பேர், வருஷம் திரும்புவதற்குள் முந்நூறு பேர். அந்தத் தெம்பில் செங்கத்தில் ஒரு கிளை திறந்தான். அதே மெஷின், அதே பாட்டு, அதே சாமைக் கஞ்சி, ஆனால் அங்கே ஒருவருக்கும் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. மூன்றே மாதத்தில் இழுத்து மூடினான். இங்கேயோ எடை தூக்குவதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். "உள்ள வந்து போனாலே எளைக்குது, மாஸ்டரு எதுக்குப்பா?" என்று கறிக்கடைப் பாஞ்சாலை சிரித்தாள். அவனுக்குச் சுருக்கென்றது. 

அதைவிடப் பெரிய குழப்பம் வீட்டில் இருந்தது. பெண்கள் பேட்சைப் பார்த்துக்கொண்டவள் அவன் மனைவி புவனா. பார்த்திபன் பின்பக்க ஷட்டர் வழியாக வண்டியோடு உள்ளே ஏறுபவன், முன்படியை மிதித்ததே இல்லை. புவனா பால் வாங்க, ஜிம் வாசலில் கோலம் போட, யாராவது கூப்பிட்டால் எட்டிப் பார்க்க என்று நாளைக்குப் பத்து தடவை வெளியே போய் உள்ளே வருபவள். இறங்கியதில் பெரும்பாலும் சாப்பாட்டில் திரும்ப ஏறியும், கல்யாணத்தில் அறுபது கிலோ இருந்தவள் இரண்டாவது ஆடியில் நாற்பத்தொன்றுக்கு வந்து நின்றாள். வளையல் முழங்கைவரை ஏறியது. வேலூரில் பெரிய டாக்டர்கள் எல்லாம் நார்மல் என்று எழுதிக்கொடுத்தார்கள். முட்டை, பேரீச்சை, வேர்க்கடலை உருண்டை, எதற்கும் மசியவில்லை அந்த உடம்பு. ஊரையே இளைக்கவைத்த மாஸ்டருக்குப் பெண்டாட்டியைத் தேற்றத் தெரியவில்லை. ஒருநாள் போளூர் பங்கில் பெட்ரோல் போட்டுவிட்டு, அவள் ஏறிவிட்டாள் என்று நினைத்துச் சந்தவாசல்வரை தனியாகவே வந்துவிட்டான். அவள் ஏறினாலும் பின்னால் பாரம் தெரியாமல் போய்ப் பல நாளாகியிருந்தது. பதறித் திரும்பிப் போனபோது, லாரி கிளப்பிய காற்றுக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நா ஏறவே இல்லீங்க" என்றாள்.  இவள் இப்படியே குறைந்துகொண்டே போய் ஒருநாள் இல்லாமலே போய்விடுவாளோ என்று பயந்தான்.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஜிம்முக்குச் சாமை கொண்டுவரும் செல்லி, எப்போதும் பின்பக்கம் மூட்டையை இறக்கிவிட்டு ஜீப் பிடிக்க ஓடுபவள். ஒருநாள் ஷட்டர் மாட்டிக்கொண்டதால் முன்வாசலுக்கு வந்தாள். வந்தவள் படியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாப்பா இது! அடிவாரத்துச் சுமைதாங்கிய இங்க கொணாந்து படுக்கப் போட்டுக்கிறீங்க?"

வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே செத்துப்போன யாரோ ஒருத்தியின் பேரில், போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கிவைத்து இளைப்பாற மலைப்பாதை அடிவாரத்தில் நட்ட கல் அது. ரோடு அகலப்படுத்தியபோது சாய்ந்துகிடந்ததை, நல்ல நீளமாக இருக்கிறதே என்று கொத்தனார் மணிவேல் படியாகப் போட்டிருந்தார். "ஒசரமா நின்னுச்சுன்னா அவங்கவங்க எறக்கிப்பாங்க, அவங்கவங்களே ஏத்திப்பாங்க. கால்கிட்ட கெடந்தா எறக்கத்தாம்பா முடியும். ஏத்திக்க இன்னொருத்தர் கை வோணுமில்ல?" என்று திட்டிவிட்டு, செல்லி ஜீப்புக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள்.

 ஊர் இறக்கியதெல்லாம் இந்தக் கல்லிலேயே கிடக்கிறது என்பது பார்த்திபன் படித்த பாடத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் எடை தூக்குகிறவனுக்குப் பின்னால் நின்று கைகொடுப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியும். புவனாவைப் படிமேல் குந்தச் சொன்னான். "மூச்ச இழு. புடி. ஏந்திரு!" என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். தூக்கத் தூக்கக் கனத்தாள். அவன் தோள் நடுங்கியது. எடை மெஷின் அறுபத்திரண்டு காட்டியது. கூடுதல் இரண்டு கிலோ யாருடையது என்று தெரியவில்லை. கருவாட்டு வாடையே ஆகாத புவனா அன்று மதியம் நெத்திலிக் குழம்பு கேட்டாள். தனக்கு ஏன் நெத்திலியே பிடிக்காமல் போயிற்று என்று பாஞ்சாலை கொஞ்ச நாளாகவே புலம்பிக்கொண்டிருந்தாள்.

கல்லை நிமிர்த்தக் கூடாது என்று உறுப்பினர்கள் சண்டைக்கு வந்ததால் அது படுத்தேதான் கிடக்கிறது. புவனா இப்போது பின்பக்கமாகத்தான் வருகிறாள். காலையில் இறக்குபவர்கள் வருகிறார்கள். சாயங்காலம் காய்ச்சலில் விழுந்தெழுந்தவர்களும், பட்டாளத்துக்கு எடை போதாதவர்களும், பிள்ளை பெற்ற மலைப் பெண்களும் வரிசையில் நிற்கிறார்கள். மாஸ்டர் கை இல்லாமல் ஒருவருக்கும் ஏறுவதில்லை. இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று செங்கத்திலிருந்துகூட வந்து கேட்கிறார்கள்.

ஜிம்மைப் பூட்டியதும் புவனா பின்சீட்டில் ஏறுகிறாள். ஸ்பிரிங் கிறீச்சென்று இறங்குகிறது, முன்சக்கரம் லேசாக எழும்புகிறது. அப்படியும் பார்த்திபன், "ஏறிட்டியா?" என்று கேட்கிறான்.

"ஏறிட்டேங்க."

அவள் வாயால் சொல்லிக் கேட்காமல் அவன் வண்டியை எடுப்பதில்லை.