சவுக்காரம் பூசிய பெல்ட்

பூண்டுலோயா டவுனுக்கு மேலே, அழகுமுத்துவின் கராஜில் கஸ்பரின் வேன் பொனட்டைத் திறந்துகொண்டு நின்றது. தோட்டத்து ஆட்களை ஹயருக்கு ஏற்றி இறக்கும் வேன். முந்தின நாள் ஏற்றத்தில் ஃபேன் பெல்ட் அறுந்துபோனது. சூடு காட்டும் முள் மேலே ஏறுவதைப் பார்த்தும், லயத்து வீட்டுக்கு இன்னும் ரெண்டு வளைவுதானே என்று மனுசன் நிறுத்தாமல் மிதித்துவிட்டான். அந்த ரெண்டு வளைவில் வந்த வினைதான் இது.

அழகுமுத்து அவசரப்படுகிற ஆள் இல்லை. அறுந்த துண்டு எங்காவது சிக்கியிருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவினார். புது பெல்டை மாட்டி, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். தண்ணீர் குமிழி விட்டுப் பொங்கியது. எஞ்சினை நிறுத்தி, ஒயில் பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். பாலூற்றிய தேத்தண்ணி நிறத்தில் இருந்தது ஒயில். உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது, கழற்றிப் பார்த்தால்தான் சேதம் எவ்வளவு என்று தெரியும் என்றார்.

அறுந்த பெல்டை மோந்து பார்த்த அழகுமுத்துவின் முகம் மாறியது.

"சவுக்காரம் பூசுனியா?"

கஸ்பர் தலையைக் குனிந்தான். பெல்ட் கீச்சிட்டபோது யாரோ சொன்ன யோசனை அது. துணி துவைக்கும் சவுக்காரக் கட்டியைத் தேய்த்தான், சத்தம் நின்றது. சத்தம் நின்றால் போதாதா, பெல்டை யார் மாற்றப்போகிறார்கள்! எப்போதிலிருந்து கத்தியது என்று கேட்டதற்கு, ஈஸ்டருக்கு முந்தியே, மாசக்கணக்காச்சு என்றான்.

"அது ஒன்னயத்தாம்ப்பா கூப்பிட்டுச்சு. நீ அதோட வாயப் பொத்திட்ட."

அந்த நேரத்தில் கஸ்பரின் மனைவி பெற்றீசியா சோற்றுப் பார்சலோடு வந்தாள். காலையெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்த களைப்பு. பலகையில் உட்கார்ந்து அடிவயிற்றை அழுத்திப் பிடித்தபடி, முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு பெனடோல் மாத்திரையை எடுத்து விழுங்கினாள். தினம் நடப்பதுதான். கஸ்பர் இன்றைக்குத்தான் அதைப் பார்த்தான்.

"இந்த வலி எப்பயிலிருந்து?"

"ஈஸ்டருக்கு முந்தியே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. "சொன்னேனே. நீங்கதானே பெனடோல் வாங்கித் தந்தீங்க."

அழகுமுத்து திரும்பி நின்றுகொண்டார். கஸ்பருக்கு இப்போதுதான் நினைவு வந்தது. முன்பெல்லாம் இரவில் அவள் வலியில் முனகுவாள். தூக்கம் கெடுகிறது என்று இவன் ஒருநாள் எரிந்து விழுந்த பிறகு அந்த முனகலும் நின்றுபோனது. குணமாகிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தான், பாவி!

வேனை அப்படியே விட்டுவிட்டு அவளை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். கருப்பையில் கட்டி. இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று டாக்டர் கஸ்பரைச் சிங்களத்தில் ஏசினார். திறந்து பார்த்தால்தான் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரியும் என்று அவரும் சொன்னார்.

ஒப்பரேஷன் முடிந்த மறுநாள், எடுத்த கட்டியின் சோதனை முடிவு வருமுன்னே அழகுமுத்து கஸ்பருக்குப் போன் எடுத்தார். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும் என்றார். அதைக் கேட்டு கஸ்பருக்கு அழுகைதான் வந்தது.

"சத்தம் நின்னா கொணமாயிருச்சுன்னு நெனச்சுட்டேன் அண்ணே. வீட்டுப் பொம்பளைங்க வலிக்குதுன்னு சொன்னா, மாத்திரையக் குடுத்து வாய அடைக்கக்கூடாது. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரணும்."

வார்ட்டுக்குள்ளிருந்து பெற்றீசியா முனகும் சத்தம் கேட்டது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவன் உள்ளே ஓடினான்.