ஸ்டூலை விட்டு இறங்குங்க

திரையில் பண்ணையார் மாடிப்படியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். தரை டிக்கெட்டில் மகள் பூமாரியின் தோளில் சாய்ந்தபடி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த கோமதியம்மாள் சொன்னாள்:

"ஏட்டி, இவன் வந்தா மட்டும் கேமராக்காரன் கீழ படுத்துக்கிடுதான், பாத்தியா? அந்த வேலைக்காரி அழுதா உத்தரத்துல ஏறிக்கிடுதான்."

"படத்தப் பாரும்மா."

"படத்தத்தாம்ட்டி பாக்கேன். இந்த ஆளு உங்க பெரியப்பாவவிடக் குட்டை. கீழ இருந்து எடுக்கப்போயி மலை மாதிரி நிக்கான்."

முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்தார். "அண்ணாச்சி, படம் அந்தப் பக்கமில்லா ஓடுது" என்றாள் அம்மா.

மறுநாள் காலை தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் அன்றுதான் கலையத் தொடங்கியிருந்தது.

அப்பா செத்தபிறகு அம்மாவும் மகளும் இருந்தது பெரியப்பா செல்லப்பாவின் வீட்டுப் பின்கட்டில். அந்த வீட்டில் அவருக்கு முன்னால் பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அம்மா இருக்கும் போட்டோ ஒன்றே ஒன்றுதான். புதுமனை புகுந்தபோது எடுத்தது. பெரியப்பா நடுவில் உட்கார்ந்திருப்பார். காலடியில் தரையில் அம்மா. பாதி முகத்தை அவருடைய முழங்கால் மறைத்திருக்கும்.

மதியம் ஸ்டுடியோக்காரர் தேவதாசன் சைக்கிளில் வந்து இறங்கினார். பிணத்தை எடுப்பதற்கு முன்னால் நாற்காலியில் சாத்தி, மாலை போட்டு, சொந்தபந்தம் சூழ நின்று படம் எடுத்துக்கொள்வது ஊர் வழக்கம். அந்த வீட்டில் அதுவும் ஆண்களுக்குத்தான். முந்தின வருஷம் பெரியம்மா போனபோது பாயில் கிடத்தி, ஸ்டூலில் ஏறி நின்று எடுத்தார்கள். தலைமாட்டில் பெரியப்பா நாற்காலியில் இருந்தார்.

இன்றும் அவர் நாற்காலியை இழுத்து அம்மாவின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தார். தேவதாசன் ஸ்டூலில் ஏறினார்.

"அண்ணாச்சி, ஸ்டூல விட்டு இறங்குங்க" என்றாள் பூமாரி.

"ஏன் தாயி?"

"மேல இருந்து எடுத்தா எங்கம்மா அடிபட்டுக் கிடக்க மாதிரி இருக்கும். நாற்காலியில உக்கார வைப்போம். நீங்க தரையில இருந்து எடுங்க."

பெரியப்பா சிரித்தார். "எந்த நாற்காலியிலட்டி?"

வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான்.

"நீங்க உக்காந்திருக்கதுலதான். எந்திரிங்க பெரியப்பா."

முற்றத்தில் ஒப்பாரி நின்றது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"பொம்பளப் பொணத்த நாற்காலியில வைக்க வழக்கம் இங்கன கிடையாது. கொள்ளி வைக்கப்போறவன் என் மவன். அத நெனப்புல வச்சுப் பேசு."

"அவன் வைக்காட்டா நான் வைக்கேன்."

அவர் எழவில்லை. கூட்டத்திலிருந்து அடுத்த வீட்டு மைமூனம்மாள் வெளியே போனாள். திரும்பி வரும்போது அவள் தலையில் ஒரு நாற்காலி இருந்தது.

"ஒரு கை ஒடைஞ்சது. கோமதிக்குப் போதும்" என்று இறக்கி வைத்தாள்.

விறைக்கத் தொடங்கியிருந்த முழங்கால்களைப் பூமாரி நீவி நீவி மடக்கினாள். மைமூனம்மாள் பழைய சேலைத் துண்டால் இடுப்பைச் சேர்த்துக் கட்டினாள். முகத்துக்கு மஞ்சள் பூசினார்கள். தேவதாசன் ஸ்டூலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்தார்.

"இப்பிடி நான் எடுத்ததே இல்ல தாயி. மூக்கு ஓட்டைதான் பெருசாத் தெரியும்."

"தெரியட்டும்."

பெரியப்பா தன் நாற்காலியை அம்மாவுக்குப் பக்கத்தில் நகர்த்தினார்.

கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் தேவதாசன் சொன்னார்: "அண்ணாச்சி, அங்கன இருந்தா படத்துல ரெண்டு பேரும் சரிக்குச் சமமா விழுவிய. பரவாயில்லையா?"

பெரியப்பா அவரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். அவர் மகன் வெள்ளத்துரை தயங்கி நின்றுவிட்டு, அப்பாவுக்குப் பின்னால் போனான்.

"எடுங்க அண்ணாச்சி" என்றாள் பூமாரி.

சாயங்காலம் கொள்ளிச்சட்டியை அவளே ஏந்தினாள். தெரு முனையில் இரண்டு பெரியவர்கள் வந்து மறித்தார்கள். "வழி விடுங்க, கை சுடுது" என்றாள். விட்டார்கள்.

அடுத்த வாரம் படம் வந்தது. தாடை நிமிர்ந்திருந்தது, கழுத்து மாலைக்கு மேலே முகம் முழுசாக, கொஞ்சமும் மறையாமல் தெரிந்தது. பின்னால் கூரை ஓடும் வானமும். இடது ஓரத்தில், வெளியேறும் பெரியப்பாவின் வேட்டிக் கரையும் ஒரு காலும் விழுந்திருந்தன.

"இத வெட்டிரட்டுமா தாயி?" என்று கேட்டார் தேவதாசன்.

"இருக்கட்டும்."

சட்டம் போட்டு மாட்டினாள். பிறகு எத்தனையோ வீடு மாறிவிட்டாள். படத்தில் அந்தக் கால் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.