மூன்றாவது பொத்தான்

உலகத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய குழந்தைகளில் பாதிப் பேர் கிருமியால் சாவதில்லை. ஒரு பொத்தானை அழுத்தக் கூச்சப்படுகிறவர்களால்தான் சாகிறார்கள். இதை 'ஆராய்ச்சி' முழு நம்பிக்கையோடு அறிவித்தபோது சாப்பாட்டு மேசை வாசற்படியில் குறுக்காகச் சிக்கியிருந்தது. ஒரு முனை அவன் கையில், மறுமுனை அக்காவின் கணவர் கையில்.

"அதெல்லாம் சரி மாப்ள, காலைத் தூக்கு."

"என் காலா மாமா, மேசைக் காலா?"

"ரெண்டையும்."

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. கூடத்தில் இடம் வேண்டும். இந்த மேசை முதன்முதலில் இந்தக் கதவு வழியாக எப்படி உள்ளே வந்தது என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அதை அவள் விடிகாலையில் கையோடு கொண்டுபோய்விட்டாள்.

'ஆராய்ச்சி' என்பது வீட்டார் வைத்த பட்டப்பெயர். முனைவர் பட்டம் வாங்கியான பிறகும் மூன்று வருடம் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று அவன் சொன்ன அன்று பெரியப்பா, "ஏம்பா, அரியரா?" என்று கேட்டார். அத்தோடு அவன் யாருக்கும் எதையும் விளக்குவதை விட்டுவிட்டான். கைக்குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குப் பணியாளர்கள் போவார்கள், எடை பார்ப்பார்கள், டேப்லெட்டில் பதிவார்கள். அதற்கான செயலி அவன் செய்தது. ஒவ்வொரு குழந்தையின் பெயருக்குக் கீழும் மூன்று பொத்தான்கள்: பார்த்தாயிற்று, வீட்டில் இல்லை, இறந்துவிட்டது. இதைவிட எளிமையான பொருள் வேண்டுமென்றால் செங்கல்தான் என்று கருத்தரங்கில் பேசிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறான்.

ஆனால் மூன்றாவது பொத்தான் பக்கம் யார் விரலும் போகவில்லை. இறந்துபோன குழந்தைகள் எல்லாம் மாதக்கணக்கில் வீட்டில் இல்லாமல் இருந்தன. கணக்கில் சாவு ஏறாத தெருவுக்கு மருந்தும் போகாது, நர்சும் போகமாட்டார். ஆராய்ச்சி தலையிலடித்துக்கொள்ளாத நாளில்லை. போன வாரம் ஒரு பணியாளரைப் பிடித்துக் கேட்டான்.

"இந்தப் பாப்பா எப்ப பாத்தாலும் வீட்ல இல்ல. எட்டு மாசக் குழந்தை. தனியா எங்கம்மா போச்சு, வேலைக்கா?"

"இல்ல சார்... அதை அமுக்கினா பேரு லிஸ்டுலேர்ந்து போயிடுது சார்."

"போகத்தான் வேணும். அதுக்குத்தானே பொத்தான் வச்சிருக்கு."

"அந்தம்மா பக்கத்துலயே நின்னு பாக்கறாங்க சார். பேரு எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

இதை அப்படியே ஒரு ஸ்லைடாக்கி 'வேலைக்குப் போன எட்டு மாதக் குழந்தை' என்று தலைப்பும் வைத்தான். கூட்டத்தில் நல்ல சிரிப்பு.

திருத்திய இறப்பு அட்டவணையை இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அவனுடைய அடுத்த வருட வேலை அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் பேராசிரியரிடமிருந்து வந்த செய்தியில் முதல் வரி ஆழ்ந்த அனுதாபம். இரண்டாவது வரி, அட்டவணை எந்த மட்டில் இருக்கிறது?

மேசை ஒருவழியாக, கதவுச் சட்டத்தின் பெயிண்டைக் கொஞ்சம் வழித்துக்கொண்டு, வெளியே போய் விழுந்தது. உள்ளே அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல... ஆமா... சீரியஸ்தான். உடனே கிளம்பி வாங்க."

அவள் போனை வைக்கும்வரைகூட அவனால் பொறுக்க முடியவில்லை. "கொஞ்சம் முடியலையா? அக்கா, முழுசா முடிஞ்சாச்சு!"

"கத்தாத. வழியில அவங்களுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீயா பாப்ப?"

"இப்ப பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் அம்மா பொழைச்சுக்கணும்னு வேண்டிக்கிட்டே வருவாங்க. அது மட்டும் நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கும். பஸ்ஸ விட்டு இறங்கற வரைக்குமாவது நல்லாருக்கட்டுமே."

"எட்டு மாசக் குழந்தை வேலைக்குப் போன கதைதான். இந்தக் குடும்பத்துல ஒருத்தருக்கும் மூணாவது பொத்தான்ல கை வைக்கத் தெரியாது."

"உன் பொத்தானைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. அப்ப நீயே சொல்லு பாப்போம்." போனை அவன் கையில் திணித்தாள். "மாமாவுக்கு இன்னும் சொல்லல."

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவருடைய எண் அம்மாவின் டைரியில் இருந்தது. அம்மாவின் ஏழும் ஒன்றும் ஒரே அச்சு. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு எண்ணை அழுத்தினான். எடுத்ததும், "அம்மா செத்துட்டாங்க" என்றான். தெளிவாக, ஒரே மூச்சில், முன்னுரை முகவுரை எதுவுமில்லாமல்.

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது.

"தம்பி," என்றது ஒரு கரகரத்த குரல், "எங்கம்மா போய்ப் பல வருஷம் ஆச்சே. நீ யாருப்பா?"

ராங் நம்பர். அந்த மனிதர் உடனே வைக்கவுமில்லை. என்ன உடம்புக்கு என்று விசாரித்தார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார், "சாப்பிட்டியா?" என்றார். ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

பிறகு வண்டி வந்தது. கூடத்தில் மேசை இருந்த இடத்தில் அம்மாவைக் கிடத்தினார்கள். மேசையின் நான்கு கால்களும் தரையில் பதித்திருந்த நான்கு வெளிறிய வட்டங்களுக்கு நடுவே அவள் சரியாகப் பொருந்தினாள். தலைமாட்டில் வைக்க ஒரு படம் தேடினார்கள். பழைய கல்யாணக் கூட்டப் படங்களைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. போன வருடம் பல் முழுவதும் எடுத்ததிலிருந்து அவள் கேமராவைக் கண்டால் சமையலறைக்குள் புகுந்துவிடுவாள். "புதுப் பல்லு வரட்டும்டா, வாய் நிறைய சிரிக்கிறேன்" என்பாள். பல் ஆஸ்பத்திரியில் அளவு கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். கடைசியில் அடையாள அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கி வைத்தார்கள். அதில் அவள் யார் மீதோ புகார் கொடுக்க வந்தவள் போல இருந்தாள்.

துக்கம் கேட்க வந்த எதிர்வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு அவனிடம் வந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டர் தம்பி, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. மூணு நாளா சளி. நெஞ்சுல கர்ருபுர்ருங்குது."

"நான் அந்த டாக்டர் இல்லீங்க."

"அம்மா சொல்லுவாங்களே. எம்பையன் குழந்தைங்க டாக்டர், உலகத்துக்கே வைத்தியம் பாக்கறான்னு."

ஆராய்ச்சி திரும்பி அம்மாவைப் பார்த்தான். புரளியைக் கிளப்பிவிட்டுக் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வது அவளுக்குப் பழக்கம்தான். வேறு வழியில்லாமல் குழந்தையை ஆ காட்டச் சொல்லிப் போன் டார்ச்சை அடித்தான். எதுவும் புரியவில்லை. "இன்னிக்கே நல்ல டாக்டர்ட்ட காட்டுங்க" என்றான். "எவ்வளவு தன்னடக்கம் பாரு" என்று அந்தப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

பிற்பகலில் அம்மாவைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து குளித்தார்கள். கூட்டம் கலைந்தது. வாடகை நாற்காலிகள் போய்விட்டன. மேசையை உள்ளே கொண்டுவர அக்காவின் கணவர் ஒருமுறை முயன்று, முட்டியில் இடித்துக்கொண்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டார். ஆராய்ச்சி வாசலிலேயே, அந்த மேசையில், மடிக்கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்தான். அட்டவணையில் எல்லாம் சரியாகிவிட்டிருந்தது. ஒரே ஒரு வரி பாக்கி. அந்த எட்டு மாதக் குழந்தை. பணியாளரிடமிருந்து செய்தி வந்திருந்தது: 'நாளைக்குக் கட்டாயம் போறேன் சார்.' அவர் போகவே வேண்டாம். அவனே இங்கிருந்து மாற்றலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பைக்குள் அம்மாவின் போன் அடித்தது. பழைய பட்டன் போன். மாற்றுத் துணிக்கும் சீப்புக்கும் அடியிலிருந்து அதை எடுத்தான்.

பதிவுசெய்த பெண்குரல், மிக உற்சாகமாகப் பேசியது. "வணக்கம்! உங்கள் புதிய பல்செட் தயாராகிவிட்டது. நாளை வர விரும்பினால் எண் ஒன்றை அழுத்தவும். வேறொரு நாள் வர விரும்பினால் எண் இரண்டை அழுத்தவும். பட்டியலிலிருந்து உங்கள் பெயரை நீக்க எண் மூன்றை அழுத்தவும்."

அவன் கட்டைவிரல் மூன்றின் மேல் இருந்தது. குரல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அதே உற்சாகம், அதே வணக்கம். மூன்றாவது தடவை வணக்கம் சொல்லத் தொடங்கியபோது அவன் இரண்டை அழுத்தினான்.

"நன்றி! அடுத்த வாரம் மீண்டும் அழைக்கிறோம்."

அக்கா இரண்டு தம்ளர் டீயோடு வெளியே வந்தாள். "போன்ல யாரு?"

"பல் ஆஸ்பத்திரி."

"சொல்லிட்டியா?"

அவன் டீயை வாங்கி ஊதினான். "அடுத்த வாரம் கூப்பிடறாங்களாம்."

அக்கா எதிரில் உட்கார்ந்து, மேசை விளிம்பில் ஒட்டியிருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினாள். மடிக்கணினித் திரை தொடுவாரில்லாமல் தானாக அணைந்தது.

அம்மாவின் போனில் ஒரு கோடுதான் சார்ஜ் இருந்தது. அவன் உள்ளே போய் அவளுடைய சார்ஜரைக் கதவோரச் சுவரில் செருகி, வயரை இழுத்துவந்தான். மேசை வரை எட்டவில்லை. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். பிறகு தம்ளர்கள் தளும்பாதபடி, மேசையைக் கொஞ்சம் கதவுப் பக்கமாக நகர்த்தினான்.