றெஜினா திருத்தாத ரேடியோக்கள்

இறந்துபோன மனைவி றெஜினாவைப் பற்றிக் கஸ்பர் ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது. சனிக்கிழமை முப்பத்தோராம் நாள். ஈஸ்ட் ஹாம் கத்தோலிக்கக் கோவிலில் பதினொரு மணிக்குப் பூசை, பிறகு மண்டபத்தில் சாப்பாடு, போகிறவர்கள் கையில் ஆளுக்கொரு நினைவு மலர். லண்டனுக்கு வந்த பிறகும் யாழ்ப்பாணத்தார் விடாத வழக்கம் இது. படம், செபங்கள், நன்றியுரை எல்லாம் ஆயத்தமாகிவிட்டன. கணவர் எழுதும் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

“கஸ்பர் அண்ணை, செவ்வாய்க்கிழமைக்குள்ளை தாங்கோ. இல்லாட்டில் அந்தப் பக்கத்திலை என்ரை அச்சக விளம்பரத்தைப் போட்டுவிடுவன்,” என்று மலரை அச்சடிக்கும் இராஜேந்திரன் தொலைபேசியில் சொன்னார். சிரிப்பு மூட்டப் பார்த்தார். கஸ்பர் “ஓம்” என்று மட்டும் சொல்லி வைத்தார்.

தபால் பிரிக்கும் வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு மாலையும் சமையலறை மேசையில் தாளோடு இருந்தார். சொல் வரவில்லை. அழுகையும் வரவில்லை. இருபத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவளைப் பற்றி ஒரு வசனம் வரவில்லையென்றால் அது என்ன வாழ்க்கை என்ற பயம், பக்கத்து வீட்டில் தொலைபேசி அடிப்பதுபோல எங்கோ தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய் எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமைகளில் பங்குக் கோவிலில் நடந்த வேதாகம வகுப்புக்கும் போய்வந்தார். போகாமலிருந்தால் யாராவது காரணம் கேட்பார்கள். ஆதித் திருச்சபை எழுத்தாளர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எப்படி எடுத்து எழுதினார்கள் என்பது அந்த மாதப் பாடம். இரண்டாம் நூற்றாண்டில் ஓர் ஆயர் ஒரு சபைக்கு எழுதிய கடிதத்தில் வரிக்கு வரி முன்னிருந்தவர்களின் சொற்கள். பெரும்பாலும் பெயர்கூடச் சொல்லவில்லை. அவர்கள் அதைக் களவாக நினைக்கவில்லை. நல்ல சொல் எல்லோருக்கும் பொது என்று நினைத்தார்கள் என்றார் விரிவுரையாளர்.

செவ்வாய்க்கிழமை கஸ்பர் அலுமாரியிலிருந்து ஒரு பழைய நினைவு மலரை எடுத்தார். டூட்டிங்கில் இருந்த நண்பர் செபமாலைமுத்து இரண்டு வருடத்துக்கு முன், தொண்ணூற்றொன்றில், இறந்தபோது அவருடைய மனைவி அருமைநாயகி எழுதிய பக்கம் அதில் இருந்தது. நல்ல பக்கம். கஸ்பர் பெயரை மாற்றினார். ஊரை மாற்றினார். பிறந்த வருடத்தையும் கலியாண வருடத்தையும் மாற்றினார். பிறகு எழுதிக்கொண்டே போனார். கை எழுதியது. பார்சலில் வந்த முகவரியைப் பார்த்து எழுதுவதுபோல இருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அருமைநாயகி இரண்டு ரயில் மாறி மண்டபத்துக்கு வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. ரோல்ஸ் சிற்றுண்டித் தட்டுகளை மூடிவைத்தாள், மேசைகளுக்குத் தாள் விரித்தாள், பிறகு பெட்டியிலிருந்து ஒரு மலரை எடுத்து நின்றபடி வாசித்தாள். கஸ்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எடுப்பாள் என்பதைக்கூட அவர் யோசித்திருக்கவில்லை.

“அண்ணை,” என்றாள். “றெஜினா அக்கா எப்ப ரேடியோ திருத்தினவ?”

அவர் வாங்கிப் பார்த்தார். நான்காம் பந்தியில் அது இருந்தது: ‘அயலாரின் பழுதடைந்த ரேடியோக்களைக் கூலி வாங்காமல் திருத்திக் கொடுப்பார்.’

அருமைநாயகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அவ பிளக் குத்தவும் பயந்தவ எல்லே!” பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

“உம்மடை பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதினனான் தங்கச்சி,” என்றார் கஸ்பர். “கேட்டிருக்கவேணும். வகுப்பிலை சொல்லித் தந்தவை. பார்த்து எழுதுறவன் முதல்லை கவனமா மாத்துவானாம். போகப் போகக் களைச்சு, மற்றவன்ரை சாமானை அப்பிடியே விட்டிடுவானாம். அதை வச்சுத்தான் ஆர் ஆரிட்டை எடுத்தது எண்டு பிடிக்கிறவையாம்.”

“அப்ப நான் பிடிச்சிட்டன்.”

“ஓம்.”

அவள் ஒரு கதிரையை இழுத்து இருந்தாள். “நான் ஒண்டு சொல்லட்டோ? அதிலை முதல் மூண்டு பந்தியும் என்ரையில்லை. கொழும்பிலை செத்த ஒரு ரீச்சரின்ரை மலரிலை இருந்து எடுத்தனான். அவவுக்கு எழுதினவை எங்கையிருந்து எடுத்தினமோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். ரேடியோ மட்டும்தான் என்ரை. அவர் திருத்தினவர்.”

கஸ்பர் நான்காம் பந்தியை மறுபடி வாசித்தார்.

“மற்றதெல்லாம் இருக்கட்டும் அண்ணை. ஆருக்கும் பொருந்தும். அந்த ஒரு வரியை மட்டும் எனக்குத் திருப்பித் தாங்கோ. அந்த இடத்திலை அக்காவின்ரை ஒண்டைப் போடுங்கோ.”

“ஒண்டும் வருகுதில்லை. நான் பொய் சொல்லேல்லை. ஒரு மாசமா இருந்து பார்த்திட்டன்.”

அவள் வற்புறுத்தவில்லை. தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். “ஏன் ஹீட்டரோடை ஒட்டிக்கொண்டு நிக்கிறியள்?” என்றாள்.

“இந்த மாசம் முழுக்கக் கால் விறைக்குது. மாசிக் குளிர் எண்டு நினைக்கிறன்.”

“போன மாசியும் குளிர்தானே. வீட்டிலை ஹீட்டர் வேலை செய்யேல்லையோ?”

“செய்யுது. சொக்ஸ்தான்…” கஸ்பர் நிறுத்தினார். கோப்பையைப் பார்த்தார். “விடியவெள்ளன நான் ஷிப்டுக்கு எழும்பேக்கை சொக்ஸ் ஹீட்டருக்கு மேலை சூடாக் கிடக்கும். அவ எப்ப எழும்பி வைக்கிறவ எண்டு எனக்குத் தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை.”

அருமைநாயகி தன் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

அவர் ரேடியோ வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். ஓரத்து வெற்றிடத்தில் எழுதினார்: ‘நான் வேலைக்குப் போகுமுன் என் காலுறைகளைச் சூடாக்கி வைத்திருப்பார்.’ வேறொன்றும் எழுதவில்லை. அருமைநாயகி வாசித்துவிட்டுத் தலையாட்டினாள். பெட்டியில் நூற்றைம்பது பிரதிகள் இருந்தன.

இருவரும் எதிரெதிரே இருந்து வெட்டி எழுதத் தொடங்கினார்கள். துக்கத்தில் இருப்பவனுக்கு அறிவுரை சொல்ல நிறையப் பேர் வருவார்கள்; பேனா எடுத்துப் பக்கத்தில் இருப்பவர்களைக் கடவுள்தான் அனுப்ப வேண்டும். பத்தரைக்குக் கோட்டில் மழைத்துளியோடு இராஜேந்திரன் உள்ளே வந்தார்.

“என்ன இது! அச்சடிச்சவன்ரை கண்ணுக்கு முன்னாலை வெட்டுறியள்?”

“உங்கடை பிழையில்லை, தம்பி,” என்றாள் அருமைநாயகி. “இருந்து எழுதும். இதைப் பார்த்து எழுதும்.”

அவர் கேள்வி கேட்காமல் கோட்டைக் கழற்றினார். கோவிலுக்கு வந்த இந்து என்பதாலோ என்னவோ, சப்பாத்தையும் கழற்றி மூலையில் வைத்துவிட்டு வந்து இருந்தார். மூன்று பேரும் எழுதினார்கள். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குடைகள் கதவடியில் குவிந்தன. சிலர் வந்து கஸ்பரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

பூசைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, எழுதிய பிரதிகளை அடுக்கிக்கொண்டிருந்த கஸ்பர் ஒன்றை எடுத்து விளக்கடியில் பிடித்தார். இராஜேந்திரனின் சாய்ந்த எழுத்து. ‘நான் வேலைக்குப் போகுமுன் என் காலுறைகளை அன்புடன் சூடாக்கி வைத்திருப்பார்.’

“நான் ‘அன்புடன்’ எண்டு எழுதேல்லையே,” என்றார்.

இராஜேந்திரன் எட்டிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. “ஐயோ, கை தானா எழுதிட்டுது அண்ணை. எத்தினை கலியாணக் கார்ட் அடிக்கிறன், அந்தப் பழக்கம். எல்லாத்திலையும் எழுதிப்போட்டன் போலை கிடக்கு. வெட்டட்டோ?”

கஸ்பர் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார். இராஜேந்திரன் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார்.

“வேண்டாம்,” என்றார் கஸ்பர். “இருக்கட்டும்.”

மறுபடி அமர்ந்து அடுத்த பிரதியைத் தன் பக்கம் இழுத்தார். ரேடியோ வரியை வெட்டினார். இராஜேந்திரனின் பிரதியைப் பக்கத்தில் வைத்து, அதைப் பார்த்து, ஒரு சொல்லும் விடாமல் எழுதினார்.