பதினான்கு பேர்

பிணவறை வாசலில் கொடுத்த படிவத்தில் கணவரின் பெயர், வயது, முகவரி வரை நிறுத்தாமல் எழுதியவள், ‘வேலை செய்த இடம்’ என்ற வரிக்கு வந்ததும் நின்றாள்.

அவள் கணக்கெழுதும் பட்டறைதான் அது. அவள் கணவர் அங்கே தகடு வெட்டுகிறவர். காலை பத்து மணிக்குப் பளுதூக்கியின் சங்கிலி அறுந்து தகட்டுக் கட்டு அவர்மேல் விழுந்தது. சத்தம் கேட்டு அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தபோதுகூட வேறு யாரோ என்றுதான் நினைத்தாள்.

முதலாளி பக்கத்தில் வந்து குனிந்தார்.

“அவசரப்படாதீங்கம்மா. வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதலாம்.”

வக்கீல் எதற்கென்று அவளுக்குத் தெரியும். பட்டறையில் இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள், அத்தனை பேருக்கும் பிரீமியம் கட்ட வேண்டும் என்று தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம் வழக்குப் போட்டிருந்தது. பதினான்கு பேர்தான் என்றார் முதலாளி. பழைய சம்பளப் பதிவேடு தொலைந்துவிட்டதாகச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டவள் அவள். பட்டறைக்குப் பின்னால் அதை எரித்தவளும் அவள்தான். புதிய பதிவேட்டில் எட்டுப் பேரை விட வேண்டியிருந்தது. தன் ஆளை மட்டும் காப்பாற்றிக்கொண்டாள் என்று ஊர் வாயில் விழக் கூடாதென்று முதலில் தன் புருஷன் பெயரையே விட்டாள்.

அதைச் சொன்ன அன்று கணவர் சிரித்தார். “பேரே இல்லாதவனுக்கு எதுக்கு டிபன் பாக்ஸ்? நான் வீட்லயே தூங்கறேன்.”

“தூங்குவீங்க, தூங்குவீங்க. பஸ் போயிடும், கிளம்புங்க” என்று விரட்டினாள்.

பெயர் இல்லாதவருக்கு இழப்பீடும் இல்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது இப்போதுதான் உறைத்தது. அழுகை வரவில்லை. இரும்பு விழுந்த சத்தம் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

முதலாளி மறுபடி குனிந்தார். “சும்மா ‘கூலி வேலை’ன்னு எழுதுங்கம்மா. குடும்பத்த நான் பாத்துக்கறேன். பட்டறை பேர எழுதினா, பொய்ச் சத்தியம் பண்ணதுக்கு உங்களத்தான் முதல்ல பிடிப்பாங்க.”

“பிடிக்கட்டும்.”

பட்டறையின் பெயரை எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டாள். முதலாளி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பிணவறை ஊழியர் வாளித் தண்ணீரும் துணியுமாக வந்தார்.

“அவரு கை ரெண்டும் ஒரே கிரீஸா இருக்கும்மா. தொடச்சு விட்டுடவா?”

“வேணாம்ண்ணே,” என்றாள். “அது அப்படியே இருக்கட்டும்.”

அவர் துணியை வாளியின் விளிம்பில் போட்டுவிட்டு நின்றார்.