மந்திரி கேட்ட வாசல்

சலூன்காரர் மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு மாடிக்கு வந்து அப்போதுதான் தட்டில் கை வைத்திருந்தார். அடுத்த அறையில் இரட்டைக் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று ‘தொப்’பென்று ஒரு சத்தம். இதோ அழுகை வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். வந்தது சிரிப்பு. இரண்டு பேருடைய சிரிப்பு, ஒரே இடத்திலிருந்து.

எச்சில் கையோடு எழுந்து போய்ப் பார்த்தார். மகளுடைய தொட்டில் காலி. மகனுடைய தொட்டிலில் இரண்டு பேர்.

அவை நாலு பக்கமும் மரச்சட்டம் அடித்து உயரமாகத் தடுப்பு வைத்த தொட்டில்கள். இரண்டுக்கும் நடுவே துணிமணி வைக்கிற குட்டை அலமாரி ஒன்று இருந்தது. எப்படித் தாண்டினாள் என்று அவருக்கு விளங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து மகளைத் தூக்கி அவள் இடத்தில் படுக்கவைத்தார். போகிற மாதிரி போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அவள் அதிக நேரம் காக்கவைக்கவில்லை. தலையணையை மூலையில் நிறுத்தினாள். அதன்மேல் ஏறி நின்று மேல்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டாள். வயிற்றால் ஊர்ந்து அலமாரிமேல் உட்கார்ந்தாள். அப்பா ஓடிவந்து கை நீட்டுவதற்குள் அந்தப் பக்கத் தொட்டிலில் ‘தொப்’பென்று இறங்கிவிட்டாள். தம்பி எழுந்து நின்று வரவேற்றான்.

“வா. உக்காரு.”

அவளுக்கு வீட்டில் ராக்கெட் என்று பெயர். நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே ஏறப் பழகியவள். அவன் மந்திரி. தொட்டிலுக்குள் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கொண்டு வா, விளக்கைப் போடு, ஜன்னலைச் சாத்து என்று உத்தரவு போடுவதோடு சரி. தானாக எதற்கும் அசையமாட்டான். பிறந்தது சில நிமிஷ வித்தியாசத்தில்தான் என்றாலும், சுபாவத்தில் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சலூன்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவிக்கு போன் அடித்தார். அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். மேலே கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் போனைத் தொடமுடியாது. தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தார். இடைவேளையில் இறங்கிவந்து அவளே கூப்பிட்டாள்.

“என்னங்க, இத்தனை தடவ கூப்பிட்டிருக்கீங்க? யாருக்கு என்ன?”

“ராக்கெட் ஏறிட்டா.”

“எதுல?”

“தொட்டில்ல. தாண்டி அலமாரிக்கு வந்து, அங்கேருந்து அவன் தொட்டிலுக்குப் போயிட்டா. என் கண்ணால பாத்தேன்.”

காற்றின் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் உயர்ந்தது.

“மொதல்ல எந்தக் காலப் போட்டா?”

“இடது கால்.”

“கை?”

“ரெண்டு கையும் கட்டையில. கடைசி வரைக்கும் பிடிய விடல.”

“என் பொண்ணு,” என்றாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன விதத்தில் ஒரு பாரத்தைக் கப்பலின் அடித்தட்டில் பூப்போல இறக்கிவைத்த திருப்தி இருந்தது. அடுத்த மூச்சில் குரல் மாறியது. “மொதல்ல அந்த அலமாரியத் தள்ளிப் போடுங்க. நான் வர்ற வரைக்கும் அவ பக்கத்த விட்டு நகராதீங்க. விழுந்து வச்சா என்ன ஆகுறது?”

சாயங்காலம் சலூன்காரரின் அக்காவும் வந்துவிட்டார். குழந்தைகள் வார்டில் நர்ஸ். வேலை முடிந்து நேராக இங்கேதான் வந்திருந்தார். ராக்கெட்டை அவள் தொட்டிலுக்குள் நிற்கவைத்துப் பார்த்தார். மேல்சட்டம் அவள் நெஞ்சுக்குக் கீழே இருந்தது.

“மெத்தைய எறக்கிப் போட்டீங்களா?”

“எப்பவோ எறக்கியாச்சு அண்ணி. இனி எறக்கினா தரைதான்,” என்றாள் மனைவி.

“அப்ப சரி, இது இனிமே தொட்டில் இல்ல, ஏணி. அடுத்த தடவ அலமாரி இல்லாமலே ஏறுவா, தலைகுப்புற விழுவா. வார்டுல தினம் பாக்குறேன். தாழ்வான கட்டிலா ஒண்ணு வாங்குங்க. அதுவரைக்கும் மெத்தையத் தரையில போட்டுடுங்க.”

“எந்த வயசுல மாத்தணும்னு ஒரு கணக்கு இல்லையாக்கா?”

“ஏறிட்டா மாத்தணும், அதான் கணக்கு. ஏறாத பிள்ளைக்கு அவசரமே இல்ல. மூணு வயசு வரைக்கும்கூட இருக்கலாம்.”

எல்லோரும் மந்திரியைப் பார்த்தார்கள். அவன் போர்வையை இழுத்து முழங்காலில் போட்டுக்கொண்டு, தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்து தலையசைத்தான்.

“இவனை ஏன் கலைக்கணும்? இவன் பாட்டுக்கு இருக்கட்டும்,” என்றார் அக்கா.

“அவளுக்குக் கட்டில், இவனுக்குத் தொட்டிலா? நாளைக்கு ஓரவஞ்சனைன்னு சொல்லமாட்டானா?”

“அவனுக்கு அந்த வார்த்தையே தெரியாதுடா.”

ஆனால் மனைவியும் கணவன் பக்கம் சேர்ந்துகொண்டாள். உண்மை என்னவென்றால், இருவருக்கும் ஆசை அடித்துக்கொண்டது. இரண்டு குட்டிக் கட்டில்கள் அடுத்தடுத்துக் கிடக்கிற காட்சி அவர்கள் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் சொன்னாலும் காதில் ஏறாது.

மனைவியின் விடுமுறை நாளன்று கட்டில்கள் வந்து இறங்கின. சலூனுக்கு விடுமுறை விட்டாயிற்று. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்குரூடிரைவரோடு தரையில் உட்கார்ந்தாள். அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகி முடுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள், தொங்கிப் பார்த்தாள். கைக்கெட்டும் உயரத்தில் இருந்த பிளக் துளைகளை மூடினாள். படிக்கட்டின் தலையில் ஒரு தடுப்புக் கதவு வைத்தாள். சலூன்காரரின் வேலை, அவள் கேட்பதை எடுத்துக் கொடுப்பதும் குழந்தைகள் மரையாணியை விழுங்காமல் பார்த்துக்கொள்வதும்.

தரையிலிருந்து ஒரு முழம்கூட உயரமில்லாத கட்டில்கள். ராக்கெட் ஓடிவந்து விழுந்தாள், புரண்டாள், இறங்கினாள், மறுபடி விழுந்தாள். மந்திரி தன் கட்டிலைச் சுற்றி வந்து, மெத்தையை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தான். உட்கார்ந்தான். எழுந்தான். தொட்டில்களைக் கழற்றி நடையில் சாத்தி வைத்திருந்தார்கள். அங்கே போய் நின்றான்.

“என் வீடு எங்க?”

சலூன்காரருக்குச் சுருக்கென்றது. “இதான் செல்லம் புது வீடு. பாரு, எவ்வளவு பெருசு.”

“இதுல செவுரு இல்ல,” என்றான் மந்திரி.

மதியம் ராக்கெட் களைத்துப்போய் விழுந்த இடத்தில் தூங்கினாள். மந்திரி படுக்கவைத்தால் படுத்தான், கண்ணை மட்டும் மூடவில்லை. கட்டிலின் நட்டநடுவில், இரண்டு பக்கமும் பள்ளம் என்பதுபோல ஒடுங்கிக் கிடந்தான். பிறகு சத்தம் போடாமல் இறங்கி நடைக்கு வந்தான். சாத்தி வைத்திருந்த சட்டங்களைப் பிடித்துக்கொண்டு, அவற்றில் நெற்றியை வைத்தபடி நின்றுகொண்டே தூங்கிப்போனான். மனைவிதான் முதலில் பார்த்தாள். கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அக்காவுக்கு போன் போட்டபோது அவர் ‘நான்தான் சொன்னேனே’ என்று குத்திக்காட்டவில்லை.

“திரும்ப மாட்டிக் குடு. அதுல தோத்துப்போறது ஒண்ணும் இல்ல. அவனுக்குத் தோணும்போது அவனே சொல்வான்.”

ஸ்குரூடிரைவர் மறுபடி வெளியே வந்தது. ஒரு தொட்டில் எழுந்து நின்றதும் மந்திரி கையைத் தூக்கினான். உள்ளே இறக்கிவிட்டார்கள். போர்வையை வாங்கிக்கொண்டான். “சாத்து,” என்று ஜன்னலைக் காட்டினான். அவள் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் தூங்கிவிட்டான்.

ராக்கெட்டின் கதை வேறு. தடுப்பு இல்லாத கட்டில் என்றால் நினைத்தபோது எழுந்து போகலாம் என்பதை மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள். படுக்கவைத்து வந்து மூச்சு விடுவதற்குள் சமையலறை வாசலில் வந்து நிற்பாள்.

“தூங்கி முடிச்சிட்டேன்.”

அம்மா வாயைத் திறக்காமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்கவைப்பாள். மறுபடி வருவாள். மறுபடி கூட்டிப்போவாள். கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை. அப்பாவுக்கு அந்த வித்தை வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிடுவார். சிரித்துவிட்டால் அன்றைய தூக்கம் போச்சு. “நீங்க கடைக்கே போங்க சாமி,” என்று மனைவி அவரைக் கீழே அனுப்பிவிட்டாள். அந்த வாரம் அவளுக்கு மாலை ஷிப்டு, மதியமெல்லாம் வீட்டில்தான்; அதை அடுத்து இரண்டு நாள் விடுப்பு. வார முடிவில் ராக்கெட் ஒரு தடவை வந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

கடையில் இந்தக் கதை கிரிக்கெட் ஸ்கோர்போல ஓடியது. பஸ் டிரைவர் ஒருவர் முகம் மழிக்க வருவார். தலையில் வெட்ட ஒன்றும் மிச்சமில்லை. நாற்காலியில் சாய்ந்ததுமே கேட்பார்.

“என்னப்பா, மந்திரி பதவி விலகினாரா?”

“எங்க அண்ணே. நாற்காலிய விடமாட்டேங்கறார்.”

“மந்திரின்னா அப்படித்தான்.”

சிரித்தாலும் சலூன்காரருக்கு உள்ளூர ஒரு கவலை இருந்தது. மகளுக்குக் கட்டில் பழகிவிட்டது. இவன் இப்படியே இருந்துவிடுவானோ? மனைவி ஒரு யோசனை சொன்னாள். தொட்டிலின் ஒரு பக்கச் சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டால் மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் வாசல். கேட்டுப் பார்த்தார்கள். மந்திரி ஆழமாக யோசித்துவிட்டு, “நாளைக்கு,” என்றான். மறுநாளும் “நாளைக்கு” என்றான். அவர்களும் விட்டுவிட்டார்கள்.

அதற்குள் ராக்கெட் புதிதாக ஒன்று பழகியிருந்தாள். காலையில் விழித்ததும் தானே இறங்கி, நடையைத் தாண்டி, அப்பா அம்மா நடுவில் வந்து புகுந்துகொள்வாள். மூன்று பேரும் போர்வைக்குள் கிசுகிசுப்பார்கள். ஒரு விடுமுறைக் காலை. ஜன்னலில் வெயில் ஏறிவிட்டிருந்தது. அப்பா ஏதோ சொல்ல, ராக்கெட் கலகலவென்று சிரித்தாள். அடுத்த அறையிலிருந்து மந்திரியின் குரல் வந்தது.

“என்ன அங்க?”

“ஒண்ணும் இல்லடா, சிரிக்கிறோம்,” என்றார் அப்பா.

“நானும்.”

“அப்பா வந்து தூக்கிட்டு வரட்டுமா?”

“வேணாம்.” பிறகு சட்டத்தைப் பிடித்து உலுக்கும் சத்தம். “அம்மா. வாசல் வை. இன்னிக்கு.”

மனைவி எழுந்த வேகத்தில் போர்வை அவளோடு பாதி தூரம் போனது. ஸ்குரூடிரைவரைத் தேடி எடுத்து வந்தாள். தலை கலைந்தபடியே மண்டியிட்டாள். மரையாணி ஒன்று இறுகிக்கொண்டு வர மறுத்தது. “மெதுவா, மெதுவா,” என்றார் சலூன்காரர். மந்திரி உள்ளே நின்றபடி மேற்பார்வை பார்த்தான். கடைசி ஆணி கழன்றது. சட்டத்தை அவள் அப்படியே தூக்கி எடுத்தாள்.

மந்திரி விளிம்பில் உட்கார்ந்தான். ஒரு காலைத் தொங்கவிட்டான். தரை எட்டியது. அடுத்த காலையும் வைத்தான். யார் கையையும் பிடிக்கவில்லை. எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அப்பா அம்மா படுக்கைக்கு நடந்துபோய் ஏறினான். ராக்கெட் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“சிரிங்க,” என்று உத்தரவு போட்டான்.

அன்று மதியம் கடையைப் பூட்ட முடியாதபடி கூட்டம். சலூன்காரர் பஸ் டிரைவரின் முகத்தில் நுரை பூசிக் கத்தியை எடுக்கப்போனார். மாடிப்படியில் மனைவி பாதி இறங்கி நின்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள்.

“மேல வாங்க. சத்தம் போடாம வாங்க.”

“அண்ணே, ஒரு நிமிஷம்,” என்று கத்தியை மடக்கி வைத்துவிட்டு ஓடினார். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார்.

தொட்டில் காலியாக இருந்தது. யாரும் தூக்கிவிடாமல், யாரும் சொல்லாமல், மந்திரி இத்தனை நாள் காலியாகக் கிடந்த தன் கட்டிலில் கிடந்தான். ஒடுங்கிக்கொண்டு இல்லை. கைகால்களை நாலு திசைக்கும் விரித்துப்போட்டு, வாயைத் திறந்து, அயர்ந்து தூங்கினான்.

“நீ படுக்க வச்சியா?”

“நான் துணி காயப்போட்டுட்டு இருந்தேன். வந்து பாத்தா இப்படி.” அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. “அண்ணிக்கு நான் சொல்றேன். நீங்க சொல்லக் கூடாது.”

சலூன்காரர் கீழே வந்தபோது டிரைவர் நுரை காய்ந்த முகத்தோடு கழுத்தைத் திருப்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களும் பத்திரிகையை இறக்கிவிட்டார்கள்.

“என்னப்பா ஆச்சு?”

“பதவி விலகிட்டார் அண்ணே. கட்டிலுக்குப் போயிட்டார். தானாவே.”

கடையில் ஒருவர் கை தட்டினார். சலூன்காரர் மறுபடி நுரை பூசி, கத்தியை எடுத்து விரித்தார். கை நிற்கவில்லை. உள்ளேயிருந்து சிரிப்பு பொங்கிப் பொங்கி வந்தது.

“அதைக் கீழ வச்சிட்டு மொதல்ல சிரிச்சு முடி,” என்றார் டிரைவர். “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”