பம்ப் அறைப் பதிவேடு

நீச்சல் குளம் வேண்டும் என்று முதலில் கேட்டவள் ஒன்பது வயது வாத்து. குளிக்கப் போனால் குளியலறைக் கதவுக்கு வெளியே வரை தண்ணீர் தெறிக்கும், அதனால் அந்தப் பேர். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இரண்டு கோடையாக "பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் வீட்டுப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று வாத்துக்குத் தெரியாதா? மூன்றாவது வருஷம் அவள் தாத்தாவைப் பிடித்துக்கொண்டாள்.

ஆளைச் சரியாகத்தான் பிடித்தாள். பெரியவர் முப்பத்தாறு வருஷம் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டியவர். தண்ணீர், தொட்டி என்று காதில் விழுந்தால் போதும், சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார். அன்றைக்கே கொல்லைப்புறத்தை அடியால் அளந்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுவிட்டார். இந்தப் பக்கம் ஆழம் மூன்றடி, அந்தக் கோடியில் ஆறடி, பம்ப் அறை மதிலோரம். மகன் மாடியிலிருந்து பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் மேஸ்திரிக்குப் போன் செய்தான்.

மகன் ஒன்றும் சொல்லாததுதான் பெரியவருக்கு உறுத்தியது. முன்பெல்லாம் பேப்பரை மடித்து வைக்கவில்லை என்பதற்கே அப்பாவும் பிள்ளையும் அரைமணி நேரம் கத்திக்கொள்வார்கள். போன வருஷம் இரண்டு தடவை அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார். ஒரு நாள் மருந்துக் கடைக்குப் போனவர் மூன்று மணி நேரம் கழித்து, எதிர்த் திசையிலிருந்து வந்து சேர்ந்தார். ஞாபகத்தைச் சோதிக்க டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். முள்ளெல்லாம் ஒழுங்காகத்தான் வரைந்தார், ஆனாலும் டாக்டர் என்னவோ எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவரை யாரும் திட்டுவதில்லை. எதைக் கொட்டினாலும் எதை உடைத்தாலும் "பரவால்லப்பா"தான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார்.

ஒருநாள் சமையலறை ஜன்னல் வழியாக மகன் மருமகளிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"இந்தக் கோடை போகட்டும். எதுவும் ஆகலன்னா அப்பா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா அந்த முதியோர் இல்லத்துல ஒரு எடத்துக்குச் சொல்லி வெச்சுடலாம். நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம், வாத்து வேற ஸ்கூல் விட்டு வந்தா அவரோட தனியா இருக்கா."

ஆக, இந்தக் கோடைதான் அவருக்குப் பரீட்சை. குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் ஒரு சின்னத் தப்புகூட வராமல் காட்டிவிட்டால் யார் அவரை அனுப்ப முடியும்?

தோண்டும் இயந்திரம் வந்தது. ஆறடி போனதுமே கீழேயிருந்து தண்ணீர் சுரந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மேஸ்திரி நான்கு நாள் இறைத்துக்கொண்டேதான் கம்பி கட்டி கான்கிரீட் போட்டார். நீல ஓடு பதித்து, தண்ணீர் நிரப்பி, சாவியைக் கொடுக்கும்போது பெரியவரைத் தனியாக அழைத்தார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. மழை பெஞ்ச சமயத்துல என்னைக் கேக்காம இதைக் காலி பண்ணிடாதீங்க. பூமித் தண்ணி கீழேயிருந்து தூக்கும். உள்ள இருக்கற தண்ணியோட கனம்தான் தொட்டிய அமுக்கிப் பிடிச்சிருக்கு."

"தொட்டியப் பத்தி எனக்கா சொல்றீங்க?" என்று சிரித்தார் பெரியவர். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மருமகள் சிரிக்கவில்லை. அதைப் பெரிய எழுத்தில் எழுதி, பம்ப் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள்.

வேலையில் இருந்தபோது செய்த மாதிரியே பெரியவர் ஒரு பதிவேடு போட்டார். பம்ப் ஓடிய நேரம், வடிகட்டி கழுவிய நேரம், குளோரின் அளவு, கடைசியில் கையொப்பம். "எழுதாத வேலை செய்யாத வேலை" என்பது குடிநீர் நிலையத்துப் பாடம். வாத்து தினமும் சாயந்திரம் குதித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண் இரண்டும் சிவந்து, இருமிக்கொண்டு வந்து நின்றாள். "வெயில்ல ரொம்ப நேரம் ஆடினா அப்படித்தான்" என்றார் தாத்தா. அவளும் நம்பினாள்.

பிறகு கோடைமழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. பக்கத்து வீட்டுத் தோட்டத்து மண்ணெல்லாம் கரைந்து குளத்துக்குள் வந்து, நீல ஓடே தெரியவில்லை. சனிக்கிழமை வாத்தின் தோழிகள் ஆறு பேர் வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது மகன், "மேஸ்திரி திங்கக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கார். அதுவரைக்கும் கை வைக்காதீங்கப்பா" என்றான்.

வைக்காமல் இருக்க அந்தக் கைக்குத் தெரியுமா? சேறு விழுந்த தொட்டியைத் தெளியவைத்துக்கொண்டிருக்கக் கூடாது, காலி செய்து, சுரண்டித் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும். முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான். குழந்தைகளை அந்தச் சேற்றிலா இறங்கவிடுவது? கதவில் ஒட்டியிருந்ததை ஒருமுறை முழுதாகப் படித்தார். மேஸ்திரி சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவுக்கு வந்தது. எத்தனை தொட்டி கழுவியிருக்கிறோம், ஒன்றாவது எழுந்து நடந்ததா என்று நினைத்துக்கொண்டார். அவர் கழுவியதெல்லாம் பாறைமேல் கட்டிய தொட்டிகள் என்பதை மட்டும் நினைக்கவில்லை. பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மோட்டாரைத் தட்டினார்.

இரண்டு மணிக்குக் குளம் காலி. பேன்ட்டை மடித்துக்கொண்டு ஆழமான பக்கம் இறங்கித் தேய்க்க ஆரம்பித்தார். உடம்பு வலித்தாலும் மனசு குளிர்ந்திருந்தது. மூன்று மணி இருக்கும், லிஃப்ட் கிளம்புகிற மாதிரி காலடியில் தரை ஒரு அசைவு அசைந்தது. தலைசுற்றல் என்று நினைத்து ஏணியைப் பிடித்தார். எங்கோ குழாய் 'டப்'பென்று முறிந்தது. ஓடுகள் வரிசையாக வெடித்தன. பதறி ஏறி வெளியே வந்து பார்த்தபோது, குளத்தின் ஒரு மூலை தரையைவிட்டு ஒரு முழம் மேலே எழும்பி நின்றது.

அவர் அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்த வாத்து பக்கத்தில் வந்து நின்றாள்.

சாயந்திரம் மகன் வந்தான், மருமகள் வந்தாள், போன் போட்டதும் மேஸ்திரியும் ஓடிவந்தார். மேஸ்திரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஒடச்சு எடுத்துட்டுப் புதுசாத்தான் கட்டணும். இந்தக் கோடைக்கு ஆகாது" என்றார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினார். "நான் அவ்வளவு சொன்னேனே ஐயா?"

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான். "அவருக்கு மறந்திருக்கும் மேஸ்திரி. விடுங்க."

மேஸ்திரியின் கோபம் பொசுக்கென்று அணைந்து, முகத்தில் இரக்கம் வந்து உட்கார்ந்தது. தலையை ஆட்டிக்கொண்டே கிளம்பிப் போனார். பெரியவரும் ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் போதும், பழி இல்லை, திட்டு இல்லை. ஆனால் அந்தத் தலையாட்டு அவரை எந்த இல்லத்து வாசலில் கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியாதா?

"மறக்கல" என்றார். விறுவிறுவென்று பம்ப் அறைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து மகன் கையில் திணித்தார். "இன்னைக்குத் தேதியப் படி."

மகன் படித்தான். 'காலை 8.10. மேஸ்திரியின் எச்சரிக்கை படித்துப் பார்க்கப்பட்டது. தேவையற்றது எனக் கருதி, நீர் வெளியேற்றப்படுகிறது.' கீழே கையொப்பம்.

"தெரிஞ்சேவா பண்ணீங்க?"

"தெரிஞ்சுதான் பண்ணேன்."

"தேவையற்றதுன்னு கருதினீங்களா? கருதறதுக்கு நீங்க யாரு? கதவு நீளத்துக்கு எழுதி ஒட்டியிருக்கு, காலைல நான் வேற படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போறேன்! பிடிச்ச முயலுக்கு மூணே கால்! அம்மா இருந்தப்பவும் இப்படித்தான், யார் பேச்சையாவது கேட்டிருக்கீங்களா?"

"அம்மாவ ஏன்டா இழுக்கற? என் சர்வீஸ்ல எத்தனை தொட்டி..."

"தூக்கிக் குப்பைல போடுங்க உங்க சர்வீச!"

மருமகள் வாத்தை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். மகனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பெரியவரும் சரிக்குச் சரி கத்தினார். உள்ளுக்குள் அவருக்கு அழுகையாக வந்தது, சந்தோஷத்தில். ஒரு வருஷத்துக்குப் பிறகு பிள்ளை அவரை மனுஷனாக மதித்துத் திட்டுகிறான். புத்தி கெட்டவனை யாராவது இப்படித் திட்டுவார்களா?

"இன்னும் என்னென்ன கருதியிருக்கீங்கன்னு பாக்கறேன்" என்று மகன் ஆத்திரத்தோடு பக்கங்களைப் பின்னால் புரட்டினான். திங்கள், ஞாயிறு, முந்தைய வாரம். ஒரு பக்கத்தில் அவன் விரல் நின்றது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைப் பக்கம், வாத்தின் கண் சிவந்த நாள்.

பெரியவரும் எட்டிப் பார்த்தார். 'காலை 7.00. குளோரின் இரண்டு குவளை.' கையொப்பம். 'காலை 7.25. குளோரின் இரண்டு குவளை.' கையொப்பம். 'காலை 8.05. குளோரின் இரண்டு குவளை.' கையொப்பம். மூன்றும் அவருடைய கையெழுத்துதான், கோணல்கூட இல்லை. ஏழு மணிக்குப் போட்டது அவருக்கு நினைவிருந்தது. மற்ற இரண்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

மகன் பதிவேட்டை மெதுவாக மூடினான். கழுத்து நரம்பு அடங்கியிருந்தது.

"காலைலேர்ந்து நின்னுட்டே இருக்கீங்கப்பா" என்றான். "வாங்க, உள்ள வந்து உக்காருங்க. பரவால்ல."

"திட்டுடா" என்றார் பெரியவர். "இப்ப நல்லாத்தானே திட்டிட்டு இருந்த. ஏன் நிறுத்திட்ட?"

மகன் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். வழுக்கும் இடம் பார்த்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான்.